வலது அடிவயிற்று வலி: டாக்டரின் கை போதுமா, ஸ்கேன் வேண்டுமா, சி.டி. வரை போகணுமா?

ஓ.பி. சீட்டில் "அக்யூட் அப்பெண்டிசைட்டிஸ்", அதாவது பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் சின்னக் குழாயான குடல்வாலில் திடீர் அழற்சி, என்று எழுதி, அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறியும் போட்டுக் கொடுக்கிறார் டியூட்டி டாக்டர். அன்று ராத்திரி வீட்டாரைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கேள்விக்குறிதான். "கை வெச்சாலே தெரியுது, ஆபரேஷனுக்கு ரெடி பண்ணுங்க" என்பார் ஒருவர். "சேர்த்துடுங்க, காலைல மறுபடி பார்ப்போம்" என்பார் இன்னொருவர். கூட வந்த மாமா, "ஒரு சி.டி. எடுத்துட்டா சந்தேகமே தீர்ந்துச்சு, காசு போனாப் போகட்டும்" என்பார். ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு கணக்கு உண்டு: இந்நேரத்துக்கு ஸ்கேன் சென்டர் திறந்திருக்குமா, இல்லை இப்போதே வண்டி பிடித்து வேலூருக்குப் போய்விடுவதா?

ஆக, கையில் இருக்கும் வழிகள் நான்கு. கையால் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுப்பது, வார்டில் சேர்த்து சில மணிக்கொரு முறை மறுபடி பார்ப்பது, அல்ட்ராசவுண்ட், சி.டி. இவற்றில் எது உசத்தி என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. யாருக்கு எந்த ஸ்கேன், எப்போது எடுப்பது, வந்த ரிப்போர்ட்டை எவ்வளவு தூரம் நம்புவது என்பதெல்லாம் முதலில் வயிற்றில் வைத்த கை என்ன சொன்னது என்பதைப் பொறுத்தது.

## எதை வைத்து எடை போடுவது

தவறவிடுதல். குடல்வால் அழற்சி இருந்தும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவது. குடல்வால் கிழிந்து சீழ் வயிற்றுக்குள் பரவினால், மூன்று நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் பல வாரம் கிடக்க நேரும்.

வீண் ஆபரேஷன். நல்ல குடல்வாலை வெட்டி எடுப்பது. ஸ்கேன்கள் பரவாத காலத்தில், நூறு ஆபரேஷனில் பதினைந்து இருபது இப்படி ஆனாலும் பரவாயில்லை, ஒன்றைக்கூடக் கிழியவிடக் கூடாது என்றே அறுவைச் சிகிச்சை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அந்த அளவை யாரும் ஏற்பதில்லை.

நேரம். இதில்தான் அதிகக் குழப்பம். வலி ஆரம்பித்த முதல் ஒன்றரை நாளுக்குள் குடல்வால் கிழியும் வாய்ப்பு குறைவு. அதற்குப் பிறகு மணிக்கு மணி ஏறும். ஆகவே வீட்டில் கழித்த நேரத்துக்கு ஒரு விலை, ஆஸ்பத்திரிக்குள் கழிக்கும் நேரத்துக்கு வேறு விலை. சிக்கலில்லாத அழற்சி என்று உறுதியானவர்களை 8 மணி நேரத்துக்குள் அறுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அறுத்தாலும் கிழிந்துபோகும் அளவில் வேறுபாடு இல்லை என்று பின்லாந்திலும் நார்வேயிலும் செய்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. காலை வரை பார்க்கலாம் என்று சர்ஜன் சொன்னால் அலட்சியம் என்று கொதிக்க வேண்டாம். இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, வந்த பிறகு அரை மணிக்கு அவசரப்படுவதுதான் நம் ஊரில் அதிகம்.

மறைந்திருக்கும் செலவு. பில்லில் வராதவை: கதிர்வீச்சு, சென்டருக்கும் வார்டுக்குமான அலைச்சல், "இதையும் எதுக்கும் பார்த்துடுங்க" என்று ஒரு ரிப்போர்ட் இழுத்துவிடும் அடுத்த பரிசோதனை.

## முதல் வழி: கையால் பார்ப்பது

"டாக்டர் சும்மா அமுக்கிப் பார்த்தார்" என்று சொல்லிவிடுகிறோம். சரியாகச் செய்தால் அது பத்து நிமிட வேலை. அதில் பாதி, கை படுவதற்கு முன்பே, கேள்வியிலேயே முடிந்துவிடும்.

கேள்வியில் முக்கியம் வரிசை. குடல்வாலின் நரம்பும் தொப்புளைச் சுற்றிய தோலின் நரம்பும் தண்டுவடத்தின் ஒரே மட்டத்தில் சேர்கின்றன. அதனால் குடல்வால் உப்பத் தொடங்கும்போது வலி தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தெரியும். இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. பிறகு சோறு பிடிக்காது, குமட்டும், ஒன்றிரண்டு முறை வாந்தி வரும். அழற்சி வயிற்றின் உட்சவ்வைத் தொட்டதும், பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரத்துக்குள், வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். காய்ச்சல் அதற்கும் பிறகுதான், அதுவும் லேசாக. வாந்தியும் பேதியும் முதலில் வந்து வலி பின்னால் வந்தது என்றால் சாப்பாட்டுக் கோளாறின் பக்கம் தராசு சாயும். முதல் மணியிலேயே 103 டிகிரி காய்ச்சல் என்றால் வேறு எதையோ தேட வேண்டும். எனவே டாக்டர் கேட்டதும் "ரெண்டு நாளா வலி, வாந்தி, ஜுரம்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டாமல், எது முதலில், எது எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அந்தத் தகவலை எந்த மெஷினும் தராது.

அடுத்தது கை. நோயாளி மல்லாந்து படுத்து, முட்டியை லேசாக மடக்கிக்கொள்ள வேண்டும். கால் நீட்டியிருந்தால் வயிற்றுத் தசை தானாகவே இறுகும். தொடுவதற்கு முன் இருமச் சொல்வார்கள். இருமியதும் கை தானாக வலது அடிவயிற்றைப் பிடித்தால் அதுவே ஒரு தடயம். குழந்தை என்றால் கட்டிலிலிருந்து இறங்கி ஒரு குதி குதிக்கச் சொல்லலாம். சிரித்துக்கொண்டே இரண்டு முறை குதிக்கிற பையனுக்கு அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. அழுத்திப் பார்ப்பது இடது கீழ்ப்பக்கம் தொடங்கி, சுற்றி வந்து, வலிக்கிற இடத்தைக் கடைசியில் தொடும். அப்போது நல்ல டாக்டரின் கண் வயிற்றில் இருக்காது, நோயாளியின் முகத்தில் இருக்கும். புருவம் சுளிக்கும் அந்தக் கணம்தான் பதில்.

தேடும் இடம், 1889-ல் நியூயார்க் சர்ஜன் சார்லஸ் மெக்பர்னி குறித்த புள்ளி. வலது இடுப்பெலும்பின் முன் முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டு மூன்றாகப் பிரித்தால், எலும்பிலிருந்து முதல் பங்கு முடியும் இடம். அங்கே அழுத்தினால் வலி. அழுத்திய கையைச் சட்டென்று எடுத்தால் இன்னும் அதிக வலி. இந்த இரண்டாவது சோதனை நோயாளியைத் துள்ள வைக்கும். அதற்குப் பதிலாக விரலால் லேசாகத் தட்டிப் பார்த்தாலே அதே தகவல் கிடைக்கும் என்பதால் பலர் இப்போது தட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இடது பக்கம் அழுத்தும்போது வலது பக்கம் வலித்தால் அது ரோவ்சிங் குறி. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து வலது தொடையைப் பின்னுக்கு இழுக்கும்போது வலித்தால், குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்து இடுப்புத் தசைமேல் படிந்திருக்கலாம்.

கை தோற்கும் இடமும் இதுவே. குடல்வாலின் அடி எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான். நுனி ஆளுக்கு ஆள் மாறும். பின்னால் மடங்கியிருந்தால் முன் வயிற்றில் வலி மழுங்கிப்போகும். இடுப்புக் குழிக்குள் தொங்கினால் பேதியும் அடிக்கடி சிறுநீரும் வந்து ஆளை ஏமாற்றும். சிறுநீர்ப்பையை உரசிக்கொண்டிருப்பதால் யூரின் டெஸ்டில் கொஞ்சம் சீழணுகூடத் தெரியும். "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டு, நாலாம் நாள் கிழிந்து வருகிற கதை பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

வயிற்றோடு நிறுத்திவிடுவதும் பிழை. பையன்களுக்கு விரையைப் பார்த்தாக வேண்டும். விரை முறுக்கிக்கொண்டாலும் வலியை அடிவயிற்றில்தான் சொல்வார்கள், வெட்கப்பட்டு மறைப்பார்கள். ஆறு மணி நேரம் தாண்டினால் விரையைக் காப்பாற்றுவது கடினமாகிக்கொண்டே போகும். சின்னக் குழந்தைக்கு வலது நுரையீரலின் அடியில் நிமோனியா இருந்தாலும் வயிறு வலிக்கிறது என்றே அழும். சர்க்கரை மிக ஏறிய நிலையிலும் கடும் வயிற்று வலியும் வாந்தியும் வரும்; விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்தத் தடயங்களை எண்ணாக்கிய கணக்கு ஒன்று 1986-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, அல்வராடோ ஸ்கோர் என்று பெயர். வலி இடம் மாறியதற்கு 1, பசியின்மைக்கு 1, குமட்டல் அல்லது வாந்திக்கு 1, வலது அடிவயிற்றில் அழுத்தினால் வலிப்பதற்கு 2, கையை எடுக்கும்போது வலிப்பதற்கு 1, உடல் வெப்பம் 37.3 செல்சியஸுக்கு, அதாவது சுமார் 99 பாரன்ஹீட்டுக்கு, மேல் இருந்தால் 1, ரத்தத்தில் வெள்ளணு 10,000-ஐத் தாண்டினால் 2, அதில் நியூட்ரோஃபில் என்ற வகையின் பங்கு கூடியிருந்தால் 1. மொத்தம் பத்து. பத்தில் ஏழு மார்க் கட்டிலருகே கேட்டும் தொட்டும் கிடைப்பது, மூன்றுதான் லேபிலிருந்து வருவது. 4 அல்லது அதற்குக் கீழே என்றால் அழற்சி இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நோய் இல்லை என்று சொல்ல இந்தக் கணக்கு நன்றாகவே உதவும். 7-க்கு மேல் என்றாலும் "நிச்சயம்" என்று முத்திரை குத்த முடியாது, முக்கியமாகப் பெண்களுக்கு. இல்லை என்று சொல்வதில் கெட்டி, இருக்கிறது என்று சொல்வதில் சுமார்.

கையை மட்டும் நம்பி ஆபரேஷனுக்குப் போவது யாருக்குப் பொருந்தும்? வாலிபப் பையன், பாட வரிசைப்படி வலி, ஸ்கோர் 8 அல்லது 9, வெள்ளணு ஏறியிருக்கிறது, ராத்திரி ஸ்கேன் இல்லை. அங்கே ஸ்கேனுக்காக இன்னொரு ஊருக்கு ஓடுவதால் பெரிய லாபம் கிடையாது.

## இரண்டாவது வழி: சேர்த்து வைத்து மறுபடி பார்ப்பது

நான்கு வழிகளில் இதற்குத்தான் மரியாதை குறைவு. ஒன்றும் செய்யாமல் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் குடல்வால் அழற்சி வளர்ந்துகொண்டே போகிற நோய். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்று கூடியிருக்கும், இல்லையென்றால் அடங்கியிருக்கும். சாதாரண வாய்வு வலியும் குழந்தைகளின் நெறிகட்டி வலியும் பெரும்பாலும் அந்நேரத்துக்குள் இளகிவிடும். வலி ஆரம்பித்த எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு முதல் சோதனை, முதல் ரத்த டெஸ்ட், முதல் ஸ்கேன் மூன்றுமே நார்மலாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு ஏறவே சுமார் அரை நாள் ஆகும்.

இது பலிக்க வேண்டுமானால் மூன்று நிபந்தனை. முதலாவது, நான்கிலிருந்து ஆறு மணிக்கொரு முறை பார்க்கிற கை ஒரே கையாக இருக்க வேண்டும். மாலை ஷிப்டில் ஒருவர், ராத்திரியில் ஒருவர், காலையில் ஒருவர் என்றால் "கூடியிருக்கிறதா" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆள் மாறித்தான் ஆகும் என்றால், எந்த இடத்தில் எவ்வளவு வலி என்று கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது, நாடித்துடிப்பும் காய்ச்சலும் குறிக்கப்பட வேண்டும். துடிப்பு மெல்ல ஏறுவது பல நேரம் வயிற்றுக்கு முன்பே பேசிவிடும். மூன்றாவது, வெள்ளணுவை மறுநாள் காலை மறுபடி பார்க்க வேண்டும்.

வலி மருந்து பற்றி ஒரு பழைய பயம் இன்னும் போகவில்லை. ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்று நோயாளியைத் துடிக்க விடுவார்கள். டாக்டர் ஒருமுறை பார்த்து எழுதி வைத்த பிறகு வலி மருந்து கொடுத்தால் கண்டுபிடிப்பு கெடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. வயிறு இளகுவதால் அடுத்த முறை தொட்டுப் பார்ப்பதுகூடச் சுலபமாகும். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் மெடிக்கலில் அரைகுறையாகப் போட்ட ஆன்டிபயாடிக்தான் உண்மையிலேயே நோயை மறைக்கும். போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அட்டையைக் காட்டுங்கள்.

இதற்கும் செலவு உண்டு: படுக்கை வாடகை, ஒருநாள் கூலி, கூட ஒரு ஆள். தோல் ஷாப்பில் பீஸ் கணக்கில் வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் ஸ்கோர் 5, 6 என்று நடுவில் தொங்குகிற, ராத்திரியில் வந்த வாலிபருக்கும் குழந்தைக்கும் இதைவிடக் குறைந்த சேதத்தில் முடியும் வழி இல்லை.

## மூன்றாவது வழி: அல்ட்ராசவுண்ட்

கதிர்வீச்சு இல்லை, விலை குறைவு, தாலுகா அளவிலேயே கிடைக்கும். 1986-ல் நெதர்லாந்தின் பாய்லார்ட், ஸ்கேன் முனையால் வயிற்றை மெல்ல மெல்ல அழுத்திக் குடலிலுள்ள காற்றை ஒதுக்கிவிட்டுக் குடல்வாலைத் தேடும் முறையை விவரித்தார். இன்றும் அதே முறைதான். 6 மி.மீட்டருக்கு மேல் தடித்து, அழுத்தினாலும் தட்டையாகாமல், ஸ்கேன் முனைக்கு நேர் கீழே வலிக்கிற ஒரு குழாய் தெரிந்தால் அழற்சி என்று கொள்ளலாம்.

பலவீனம், பார்க்கிறவரின் கையைப் பொறுத்தது என்பது. பருமனான உடம்பு, காற்று நிறைந்த குடல், பின்னால் மடங்கிய குடல்வால் மூன்றும் அதை மறைக்கும். ஆகவே ரிப்போர்ட் வந்ததும் கீழே உள்ள ஒற்றை வரி முடிவை மட்டும் படிக்காமல், குடல்வாலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். "குடல்வால் முழுக்கப் பார்க்கப்பட்டது, நார்மல்" என்பது ஒரு செய்தி. "குடல்வால் தெரியவில்லை" என்பது செய்தியே இல்லை, வெறும் காலி இடம். இரண்டையும் ஒன்றாக்கி "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்" என்று வீடு திரும்புவதுதான் அல்ட்ராசவுண்டின் உண்மையான விலை.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. பல மாதமாக வந்து போகும் வயிற்று வலிக்குத் தானாகவே சென்டருக்குப் போய் ஸ்கேன் எடுத்தால், "குடல்வால் 6.5 மி.மீ., லேசான வீக்கம்" என்று ஒரு வரி வரலாம். நல்ல குடல்வாலும் உள்ளே காற்றும் மலமும் இருந்தால் அந்த அளவைத் தொடும். கை வைத்தால் வலியில்லை, வெள்ளணு நார்மல், நன்றாகச் சாப்பிடுகிறார் என்றால் அந்த வரியை நம்பி வயிற்றைத் திறக்கக் கூடாது.

பெண்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்: கருப்பை, முட்டைப்பையைப் பார்க்க "தண்ணி குடிச்சு மூத்திரத்தை அடக்கிட்டு வாங்க" என்பார்கள். ஆபரேஷன் வாய்ப்பிருக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் மயக்க மருந்து கொடுப்பவர் காத்திருக்கச் சொல்வார். வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். ட்ரிப்ஸ் ஏற்றியே சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொள்ளலாம்.

## நான்காவது வழி: சி.டி.

துல்லியத்தில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. நோய் உள்ள நூறு பேரில் சுமார் 95 பேரைப் பிடித்துவிடும். கிழிந்திருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா, குடல்வாலின் வாயில் மலக்கல் அடைத்திருக்கிறதா என்பதையும் சொல்லும். கடைசித் தகவல், ஆபரேஷன் வேண்டாம், ஆன்டிபயாடிக்கிலேயே பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு முக்கியம். அமெரிக்காவில் 1,552 பேரிடம் செய்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், மருந்தை மட்டும் எடுத்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. மலக்கல் இருந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு.

விலைப்பட்டியலில் முதல் வரி கதிர்வீச்சு. வழக்கமான வயிற்று சி.டி. ஒன்று சுமார் 8 முதல் 10 மில்லிசீவெர்ட். இயற்கையாக நம்மேல் மூன்று நான்கு வருடத்தில் படுவது ஒரே நாளில் படுகிறது. ஐம்பது வயதுக்காரருக்கு இது பொருட்டில்லை, எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருட்டுதான். அளவைக் குறைத்தும் எடுக்கலாம். தென் கொரியாவில் 15 முதல் 44 வயது வரையானவர்களிடம் சுமார் கால் பங்கு கதிர்வீச்சில் எடுத்துப் பார்த்தபோது வீண் ஆபரேஷன் கூடவில்லை என்று 2012-ல் வெளியிட்டார்கள். "லோ டோஸ்ல எடுக்க முடியுமா" என்று கேட்பதில் தவறில்லை.

அடுத்த வரி, ரத்தக் குழாயில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்த அளவைப் பார்த்திருக்க வேண்டும், முன்பு மருந்து அலர்ஜி உண்டா என்று சொல்ல வேண்டும். வாய்வழிக் கான்ட்ராஸ்ட் குடித்துவிட்டுக் காத்திருப்பது பெரும்பாலும் தேவையில்லை, ஒன்றிரண்டு மணி நேரம்தான் வீண். கடைசி வரி அலைச்சல்: வாந்தியும் காய்ச்சலுமாக உள்ளவரை ட்ரிப்ஸ் கூட இல்லாமல் ஆட்டோவில் வெளி சென்டருக்கு அனுப்புவது. துடிப்பு 120, வயிறு பலகை மாதிரி இறுகியிருக்கிறது என்றால் அவருக்கு ஸ்கேன் வண்டியில்லை, தியேட்டர்தான் வேண்டும்.

| | கை மட்டும் | சேர்த்து மறுபடி பார்ப்பது | அல்ட்ராசவுண்ட் | சி.டி. |
|---|---|---|---|---|
| தவறவிடுவது | இடம் மாறிய குடல்வால், முதியவர், கர்ப்பிணி | குறைவு, பார்க்கிற கை மாறாவிட்டால் | குடல்வால் தெரியாதபோது அதிகம் | மிகக் குறைவு |
| வீண் ஆபரேஷன் | அதிகம், பெண்களுக்கு இன்னும் | குறைவு | தேவையின்றி எடுத்தால் கூடும் | மிகக் குறைவு |
| நேரம் | 10 நிமிடம் | 6 முதல் 24 மணி | அரை மணி, ஆள் இருந்தால் | ஒன்றிரண்டு மணி, பயணம் தனி |
| மறைந்த செலவு | பார்ப்பவரின் அனுபவம் | கூலி, கூட ஒருவர் | "தெரியவில்லை"யை "இல்லை" என்று படிப்பது | கதிர்வீச்சு, கான்ட்ராஸ்ட் |

## ஆளுக்கு ஏற்ற வழி

குழந்தைகள். கை, ரத்தம், அல்ட்ராசவுண்ட், சந்தேகம் தொடர்ந்தால் சேர்த்து மறுபடி கை. சி.டி. கடைசி. ஐந்து வயதுக்குக் கீழே வலி வரிசையைச் சொல்லத் தெரியாது. பெரும்பாலும் கிழிந்த பிறகே தெரியவருகிறது. ஆகவே பிள்ளை விளையாடாமல் சுருண்டு படுத்தாலே காட்ட வேண்டும்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்கள். கையை மட்டும் நம்பி அறுக்கவே கூடாத கூட்டம் இது. முட்டைப்பை முறுக்கு, நீர்க்கட்டி வெடிப்பு, குழாயில் தங்கிய கர்ப்பம் எல்லாம் இதே இடத்தில் வலிக்கும். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எதுக்கு இந்த டெஸ்டு" என்று அம்மா முகம் சிவப்பது வார்டில் அன்றாடக் காட்சி. அந்த டெஸ்ட் ஒழுக்கத்தை அளக்க எடுப்பதில்லை. குழாயில் கர்ப்பம் வெடித்து ரத்தம் கொட்டினால் உயிர் போகும். அந்த வயதில் எல்லாப் பெண்களுக்கும் எடுப்பதே முறை. பிறகு அல்ட்ராசவுண்ட், அதில் தெளியாவிட்டால் சி.டி.

கர்ப்பிணிகள். மாதம் ஏற ஏற குடல்வாலும் மேலே தள்ளப்படலாம், வலி விலாவுக்குக் கீழே தெரியலாம். கர்ப்பத்தில் வெள்ளணு இயல்பாகவே கூடும் என்பதால் ரத்தமும் உதவாது. அல்ட்ராசவுண்ட், அதற்குப் பிறகு எம்.ஆர்.ஐ. இது உள்ளூரில் வைத்துப் பார்க்கிற கேஸ் இல்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. மாதிரி மகப்பேறும் சர்ஜரியும் ஒரே கூரையின் கீழ் உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

ஐம்பதைத் தாண்டியவர்கள், சுகர் உள்ளவர்கள். வலி மழுங்கும், காய்ச்சல் வராமலும் போகும். வயிறு மெத்தென்று இருக்கிறது என்று கை சொன்னாலும் நம்பக் கூடாது. பெருங்குடல் தொடக்கத்தில் உள்ள புற்றுநோய்கூடக் குடல்வால் அழற்சி வேடத்தில் வரும். இவர்களுக்கு மட்டும் தயக்கமில்லாமல் சி.டி.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்தப் பரிசோதனை அதில் அடங்கும் என்பதை ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் காப்பீட்டு கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## இந்தப் பக்கத்து வேறு வலிகள்

பழைய வட ஆற்காட்டு வெயிலில் சிறுநீரகக் கல்லுக்குப் பஞ்சமில்லை. கல் வலிக்காரர் ஓரிடத்தில் இருக்கமாட்டார், புரளுவார், எழுந்து நடப்பார். குடல்வால்காரர் அசையாமல், வலது முட்டியை மடக்கி, வண்டி பள்ளத்தில் இறங்கினாலே முனகுவார். வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முகம் சுளித்தாரா என்பதுகூட டாக்டருக்குச் சொல்லத் தகுந்த சேதிதான். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும் காசநோயும் இதே மூலையில் வலிக்கும். அங்கே கதை வாரக்கணக்கில் நீளும், எடை குறைந்திருக்கும்.

விட்டுவிடக் கூடாத இன்னொன்று கட்டுவிரியன். ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்தவர், விடியற்காலையில் காரணமில்லாத கடும் வயிற்று வலியோடும் வாந்தியோடும் எழுந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் பாம்பை நினைக்க வேண்டும். அந்தக் கடி பல நேரம் வலிக்காது, வீங்காது. இமை தொங்குகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று பாருங்கள். ஜவ்வாது மலை ஓரத்து ஊர்களிலும் வயல்காட்டு வீடுகளிலும் இந்த ஒரு கேள்வி எந்த ஸ்கேனையும் விட உயிர் காக்கும்.

வீட்டில் செய்யக் கூடாதவை மூன்று. "சூட்டு வலி" என்று விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுப்பது. குடல் வேகமாகப் பிசையும்போது அடைபட்ட குடல்வால் கிழிய வழியாகும். "குடல் ஏறிடுச்சு" என்று வயிற்றைத் தடவி நீவிவிடுவது. காலையில் ஆஸ்பத்திரி என்று முடிவு செய்த பிறகும் "வெறும் வயித்தோட எப்படி" என்று இரண்டு இட்லி ஊட்டுவது.

சந்தேகம் தீராமலே டிஸ்சார்ஜ் செய்தால், மறுபடி எத்தனை மணிக்கு வந்து காட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். வலி கூடினால், வாந்தி நிற்காவிட்டால், காய்ச்சல் ஏறினால் அதற்கு முன்பே. இரண்டு நாளாகத் துடித்தவர் திடீரென்று "வலி விட்டுடுச்சு" என்று எழுந்து உட்கார்ந்தால் அன்று வீட்டில் கொண்டாட்டமாக இருக்கும். கிழிந்ததும் உள்ளே இருந்த அழுத்தம் இறங்குவதால் சில மணி நேரம் அப்படித்தான் இருக்கும். பிறகு வலி வயிறு முழுக்கப் பரவும். அந்த நிம்மதி வந்த நேரத்திலேயே 108-ஐ அழையுங்கள்.